இரண்டாம் கல்யாணம் பிள்ளைக்குச் செய்யும் துரோகமா?

மனைவியை இழந்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிடும். "ரெண்டும் பச்சப்புள்ளைங்க. பார்த்துக்க வீட்டுல ஒருத்தி வேணாமா? வருசம் திரும்புறதுக்குள்ள நல்ல இடமாப் பார்த்து முடிச்சிரணும்" என்று பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். கணவனை இழந்தவர் வீட்டிலும் அதே பதினாறாம் நாள்தான், அதே பெரியவர்கள்தான், பிள்ளைகளுக்கும் அதே வயதுதான். அங்கே பேச்சு வேறு. "இதுங்க முகத்தப் பார்த்துக் காலத்த ஓட்டிரு தாயி. இன்னொருத்தன் உள்ள வந்தா புள்ளைங்க சீரழிஞ்சு போயிரும்."

இரண்டு வீட்டிலும் காரணமாகச் சொல்லப்படுவது பிள்ளையின் நலன். ஒரு வீட்டில் பெறாத ஒருத்தி வந்தால்தான் பிள்ளை பிழைக்குமாம். அடுத்த வீட்டில் பெறாத ஒருவன் வந்தால் பிள்ளை கெட்டுப்போகுமாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. அப்படியானால் அங்கே பேசப்படுவது பிள்ளையைப் பற்றி இல்லை. ஆணுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும், பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்ற பழைய கணக்குக்குப் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்துகிறோம். அந்தச் சாட்சியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சரி, மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொண்டு வருகிறாளே, அவளையாவது நம்புகிறோமா? அதுவும் இல்லை. வாசற்படி ஏறும் முன்பே அவள் கொடுமைக்காரி. பிள்ளைக்கு ஒரு வாய் சோறு குறைந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். பெற்றவள் முதுகில் நான்கு அடி போட்டால் அது கண்டிப்பு. மாநிலத்துக்கு நிதி வரவில்லை என்றால் மத்திய அரசு "மாற்றாந்தாய் மனப்பான்மையோடு" நடத்துகிறது என்று எல்லாக் கட்சித் தலைவர்களும் மேடையில் முழங்குகிறார்கள். அந்த மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் எத்தனையோ பெண்கள் தாங்கள் பெறாத பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள் என்ற நினைப்பு ஒருவருக்கும் வருவதில்லை.

பெற்றவருக்குத்தான் பாசம், மற்றது ஒட்டாது. பெரியவர்கள் தங்கள் சுகத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுக்கிறார்கள். இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த சீரழிவு. நம் சமூகத்தில் கேள்வி கேட்பாரின்றி உலவும் கருத்து இதுதான். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவதும் தொலைக்காட்சித் தொடர்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் இதுவே. இது தவறு என்பது மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு இது நேரடியாகத் தீங்கும் செய்கிறது என்பது என் கட்சி.

மேல்நாட்டுச் சரக்கு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி, அங்கிருந்த தமிழர்களின் வழக்கங்களைக் கேட்டு எழுதி, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்துக் கொடுத்து, 1707இல் நடைமுறைக்கு வந்தது தேசவழமைத் தொகுப்பு. மனைவியை இழந்தவர் மறுபடி மணம் செய்ய நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் விலாவாரியாக எழுதியிருக்கிறது. சிறு பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியோ நெருங்கிய உறவினரோ வளர்க்க எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுக்கும்போது, இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், இல்வாழ்க்கையில் இருவரும் தேடிய சொத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். கணவனை இழந்தவள் மறுமணம் செய்வதற்கும் அங்கே ஏற்பாடு உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சமூகம் இப்படி வரி வரியாக விதி வகுத்து வைத்திருந்தது என்றால், மறுமணமும் மூத்த தாரத்துப் பிள்ளைகளும் அங்கே அன்றாட நடப்பாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பாசத்தைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. காணியையும் நகையையும் பற்றித்தான் எழுதினார்கள்.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், உழுதும் உழைத்தும் பிழைத்த பெரும்பாலான சாதிகளில் தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரைக் கட்டிக்கொள்வது சாதாரண வழக்கம். பிள்ளையோடு வருபவளும் உண்டு, பிள்ளையைத் தகப்பன் வீட்டில் விட்டு வருபவளும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து அதைத் தீர்த்து வைக்கும். "அறுத்துக்கட்டுற சாதி" என்று அவர்களை இழிவாகப் பேசியவர்கள், கைம்பெண்ணுக்கு மறுவாழ்வு இல்லை என்பதைத் தங்கள் உயர்வுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டவர்கள். பிறகு கொஞ்சம் நிலமும் படிப்பும் வந்த சாதிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த வழக்கத்தைக் கைவிட்டு, தாமும் மேல்சாதி என்று காட்டிக்கொண்டன. இன்று "நம்ம பண்பாடு" என்று சொல்லப்படுவது சில சாதிகளின் பண்பாடு. மற்றவர்கள் அதைப் பின்னால் எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

சட்டமும் இதற்குத் துணைபோனது. 1856இல் வந்த இந்து விதவை மறுமணச் சட்டத்தைச் சீர்திருத்தத்தின் மைல்கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் மறுபக்கத்தைப் படிக்கவில்லை. மறுமணம் செய்தால் முதல் கணவர் வழிச் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும் என்றது அதே சட்டம். பிள்ளைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்கச் சொல்லிக் கணவர் வீட்டார் நீதிமன்றம் போகலாம் என்றும் வழி செய்தது. மறுமணம் ஏற்கெனவே வழக்கில் இருந்த சாதிகளின் பெண்களும் சொத்தை இழக்க வேண்டியதுதான் என்று சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அலகாபாத் மட்டும் மாறுபட்டது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1983இல். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஒரு தாயிடம் நாம் சொல்லிவந்தது இதுதான்: நீ மறுபடி வாழ்ந்தால் நிலமும் போகும், பிள்ளையும் போகலாம். அந்தப் பயத்தில் வாயடைத்துப்போன பெண்களைப் பார்த்து, பிள்ளைக்காகவே வாழ்ந்த தெய்வங்கள் என்று பாடிவிட்டோம்.

இதிகாசத்தைக் காட்டி வாதாடுபவர்கள் கைகேயியோடு நின்றுவிடுகிறார்கள். குந்தியை ஏன் விட்டார்கள்? மாத்ரி தீப்புகுந்த பிறகு நகுலனையும் சகாதேவனையும் வளர்த்தவள் குந்தி. நச்சுப் பொய்கைக் கரையில் தம்பிகள் நால்வரும் இறந்து கிடக்க, ஒருவனை மட்டும் எழுப்பித் தருவதாக யட்சன் சொன்னபோது, தருமன் பீமனையோ அர்ச்சுனனையோ கேட்கவில்லை, நகுலனைக் கேட்டான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்றான். சின்னம்மா இல்லாமல் போன பிறகும் அவளுக்குரிய இடத்தை அந்த வீடு காப்பாற்றி வைத்திருந்தது. அப்படி ஒரு மகனை வளர்த்தவள் குந்தி. நம் ஊர்க் கோயில் வாசல்களில் தலைமுறை தலைமுறையாகப் பாரதம் படித்த பிறகும் நமக்கு ஒட்டியது கூனியின் பேச்சுதான்.

கொடுமைக்காரச் சிற்றன்னை உலகம் முழுவதும் இருக்கிறாளே, அத்தனை நாட்டுக் கதைகளும் பொய்யா என்று கேட்பார்கள். அந்தக் கதைகளில் பேர்போன ஒன்றைத் திறந்து பார்க்கலாம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் வெண்பனி இளவரசியைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹான்சல், கிரெட்டல் கதையின் தாய்க்கும் இதே கதி. சில பதிப்புகள் கழித்து அவளும் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவள் கொடுமை செய்வாள் என்பதைக் குழந்தைகள் புத்தகத்தில் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் பழியைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைத்தார்கள். கதை நமக்குச் சொல்வது தாய்மையைப் பற்றி நாம் கட்டிக்காக்க விரும்பும் பிம்பத்தை. வீடுகளில் நடந்ததை அது அப்படியே சொல்லிவிடவில்லை.

நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் நம் இலக்கிய வரலாறு போதும். ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தார் பாரதி. தந்தை சின்னசாமி ஐயர் வள்ளியம்மாளை மணந்தார். வள்ளியம்மாளின் மகன் சி. விசுவநாதன். பாரதி மறைந்த பிறகு பாரதி பிரசுராலயத்தில் நின்று, அண்ணனுடைய எழுத்துகளைத் தேடித் தொகுத்து அச்சிட்டு, 1949இல் அவை அரசுடைமை ஆகும்வரை கட்டிக்காத்தவர்களில் முதன்மையானவர் இந்தத் தம்பி. பாரதியின் பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்த பாதையில் ஒரு சிற்றன்னையின் வீடு இருக்கிறது. புதுமைப்பித்தன் கதை வேறு. எட்டு வயதில் தாயை இழந்த அவர் தந்தையின் இரண்டாம் மணத்துக்குப் பிறகு வீட்டில் பட்ட துயரத்தை அவரது வரலாற்றை எழுதியவர்கள் மறைக்கவில்லை. அவர் எழுதிய 'சிற்றன்னை'யைத் தழுவித்தான் 1979இல் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். அந்தப் படம் பார்த்தவர் நெஞ்சில் இன்றுவரை கொடியவனாக நிற்பது யார்? அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன். ஒரே மொழியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு மேதைகளுக்கு இரண்டு விதமான வீடுகள். இரண்டிலும் ரத்த உறவின் கணக்கு ஒன்றுதான். வேறுபட்டவை மற்றவை.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள பலமான ஆயுதத்தை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. கனடாவைச் சேர்ந்த மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் என்ற உளவியலாளர்கள், மாற்றாந்தகப்பனோடு வாழும் சிறு குழந்தைகள் கொல்லப்படும் விகிதம் மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1980களில் புள்ளிவிவரங்களோடு எழுதினார்கள். வட அமெரிக்கத் தரவுகள் அவை. 2000இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை என்றார்கள். டேலியும் வில்சனும் அதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. ஒரு நாட்டில் இருப்பதாகவும் இன்னொரு நாட்டில் இல்லையென்றும் சொல்லக்கூடிய ஒன்றை ரத்தத்தின் விதி என்று சொல்லத் துணிய மாட்டேன். அமெரிக்காவில் 1,400 குடும்பங்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் தன் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோர் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சிக்கல்கள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் அது 10 சதவீதம். வேறுபாடு உண்மையானது, நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் நான்கில் மூன்று பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் அதே எண்தான் சொல்கிறது.

நம் நாட்டு எண்ணும் ஒன்று உண்டு. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. குடும்பத்துக்குள் அடிபட்ட குழந்தைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர். இதை வைத்து மாற்றாந்தகப்பன் எல்லாம் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றவர் கையில் பிள்ளை பத்திரம் என்று கண்ணை மூடிக்கொள்ளும் சமூகம் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது என்கிறேன். நாளிதழைப் பிரித்துப் பாருங்கள். பெற்ற தகப்பன் கொன்றால் தலைப்பில் குடிபோதையோ குடும்பத் தகராறோ இருக்கும். மாற்றாந்தகப்பன் கொன்றால் தலைப்பில் உறவுமுறை இருக்கும். படிக்கிறவர் மனதில் எது தங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுமணம் வேண்டாம் என்று தடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது பாதுகாப்பான பழைய வீடு இல்லை. தகப்பன் போன வீட்டில் ஒற்றை வருமானமும், அண்ணன் தம்பி வீடுகளில் வேண்டாத விருந்தாளியாக ஒண்டிக்கிடப்பதும்தான். வன்னியில் போருக்குப் பிறகு பல்லாயிரம் பெண்கள் இந்த நிலையில் நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள். கணவர் இறந்தாரா, காணாமல் ஆக்கப்பட்டாரா என்றே உறுதியாகத் தெரியாத பெண்ணிடம் போய், இன்னொரு துணை தேடினால் மாவீரனுக்கும் பிள்ளைக்கும் துரோகம் என்று சொல்லும் உரிமையை யார் நமக்குக் கொடுத்தது?

இன்னொரு ஏற்பாடு நம் ஊர்களில் உண்டு. அதைவிடக் கொடியது எனக்குத் தெரியாது. இளம் வயதில் கணவனை இழந்தவளுக்கு மறுமணம் செய்து வைப்பார்கள். பிள்ளையை மட்டும் பாட்டி வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்க, பெற்ற தாயை "அக்கா" என்று கூப்பிடச் சொல்லிப் பழக்குவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுமி அப்படித்தான் வளர்ந்தாள். பொங்கலுக்கு அம்மா புதுக் கணவரோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவள் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளை நிலைப்படியில் சாய்ந்தபடி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கூடத்தில் இருந்த ஒருவரும் தலை நிமிரவில்லை. மாற்றாந்தகப்பன் கொடுமை செய்வான் என்று பயந்துதான் இந்த ஏற்பாடு என்றார் பாட்டி. அந்த மனிதர் என்ன செய்திருப்பாரோ, செய்ய வாய்ப்பே வரவில்லை. கொடுமையை முன்கூட்டியே உறவுக்காரர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

இந்தப் பார்வைக்கு இன்னொரு முகம் உண்டு. அது அன்பின் வேடத்தில் வருவதால் யாரும் எதிர்ப்பதில்லை. நல்ல சிற்றன்னை என்றால் அவள் பெற்ற தாயாகவே மாறிவிட வேண்டும் என்பது அது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலை வைத்து கே. எஸ். கோபாலகிருஷ்ணன் 1966இல் எடுத்த 'சித்தி'யில் பத்மினி ஏற்ற பாத்திரம் அந்த இலட்சியத்தின் உச்சம். தன்னைக் கரைத்துக்கொள்பவள். படத்தை நானும் விரும்பிப் பார்த்தவன்தான். ஆனால் அந்த அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன நடக்கிறது? இறந்த தாயின் படம் கூடத்துச் சுவரிலிருந்து இறங்கி பீரோவுக்குள் போகிறது. பிள்ளையை முதல் நாளே "அம்மான்னு கூப்பிடு" என்று வற்புறுத்துகிறார்கள். அது தயங்கினால் திமிர், வந்தவள் ஒருநாள் முகம் சுளித்தால், "பெத்தவளா இருந்தா செய்வாளா?" பாசம் தீவிரமாகப் பொழியாத ஒவ்வொரு நாளும் இருவருக்கும் தோல்வியாகிறது.

ஜப்பான் இந்த வழியில் வெகுதூரம் போய்ப் பார்த்த நாடு. விவாகரத்துக்குப் பின் பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே பிள்ளையின் பொறுப்பு என்பது அங்கே நெடுங்காலச் சட்டம். கூட்டுப் பொறுப்புக்கு இடம் தரும் திருத்தம் 2024இல்தான் நிறைவேறியது. மனைவியின் பிள்ளையைப் புதுக் கணவர் தத்தெடுக்கக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதிகூட வேண்டியதில்லை. பழைய தகப்பன் போய்ப் புதிய தகப்பன் அதே நாற்காலியில் அமர்வதுதான் முறை. இந்த மாற்றீட்டு ஏற்பாட்டில் பிள்ளைகள் படும் அல்லலை அங்குள்ள சமூகவியலாளர்களே பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2005 முதல் அங்கே தாயை மணந்தவர், பெற்றவர்களின் சம்மதத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பிள்ளையின் பொறுப்பைத் தானும் பெறலாம். பெற்றவரின் உரிமை போவதில்லை. இன்னொரு பெரியவர் கூடுகிறார், அவ்வளவுதான். ஜெர்மனியில் 2001 முதல், பிள்ளையின் முழுப் பொறுப்பைத் தனியே வைத்திருக்கும் ஒருவரை மணந்தவருக்கு அன்றாடக் காரியங்களில் சேர்ந்து முடிவெடுக்கும் உரிமை உண்டு.

வெளிநாட்டுச் சட்டத்தைக் கண்டு மிரள வேண்டாம். இந்தத் தெளிவு நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் கேட்டுப் பழகிய வரலாற்றிலும் இருக்கிறது. கணவரை இழந்து பிள்ளைகளோடு இருந்த உம்மு சலமாவை நபிகள் நாயகம் மணந்தார். பிள்ளைகள் நபியின் வீட்டிலேயே வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் உமர். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், உன் முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடு என்று தட்டில் கை அலைந்த சிறுவனுக்கு நபிகள் சொல்லிக்கொடுத்ததை உலகுக்கு அறிவித்தவர் அந்தச் சிறுவனே. அவர் பெயர் இன்றுவரை உமர் இப்னு அபீ சலமாதான், பெற்ற தந்தையின் பெயரோடு. தகப்பன் பெயரை அழிக்காமலே ஒரு பிள்ளையைத் தன் தட்டில் உட்கார்த்தி வளர்க்க முடிந்தது.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஹெதரிங்டன், ஜேம்ஸ் பிரே போன்றவர்கள் கண்டது இது: வந்த உடனே அதட்டவும் கண்டிக்கவும் தொடங்கும் மாற்றாந்தகப்பன் தோற்கிறார். கண்டிப்பைப் பெற்றவளிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, மெல்ல நட்பு பிடிப்பவர் இடம் பெறுகிறார். அதற்கு மாதங்கள் போதாது, சில ஆண்டுகள் பிடிக்கும். நம் கூட்டுக் குடும்பத்துக்கு இது புரியாத விஷயமா? தாய்மாமனும் அத்தையும் பெரியப்பாவும் பிள்ளையின் மீது உரிமையோடு இருந்தார்கள். ஒருவரும் தகப்பன் நாற்காலியைக் கேட்கவில்லை. அத்தனை பேருக்கு இடம் இருந்த பிள்ளையின் வாழ்க்கையில் அம்மாவைக் கட்டியவருக்கு மட்டும் இடமில்லாமல் போகுமா?

இடம் கொடுக்காதது சட்டம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தை தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் சேர மாட்டார்கள் என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. அதே நாட்டின் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் என்றால் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் சேர்த்தி என்கிறது. வளர்த்த பிள்ளை பெரியவனாகிச் சோறு போட வேண்டிய நாளில் அவர் பெற்றோர்; அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதில் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திட ஓடிய நாளில் "நீங்க யாரு சார்?" உயில் எழுதாமல் அவர் இறந்தால் வாரிசு வரிசையில் பிள்ளைக்கு இடமில்லை. சிற்றன்னையின் சொத்தில் மகன் என்ற இடத்துக்கு மூத்த தாரத்துப் பிள்ளை வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொல்லியாயிற்று. தத்தெடுக்கலாமே என்றால் எடுக்கலாம். அப்போது இறந்த தகப்பன் வழி உறவு சட்டத்தின் கண்ணில் அறுந்துவிடும். அந்நியனாக இரு, இல்லையென்றால் அவனை அழித்துவிட்டு அவனாக மாறு. மூன்றாவது வழி இல்லை.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. கணவரை இழந்து மறுமணம் செய்த பெண்ணின் பிள்ளை பற்றிய வழக்கு அது. ஆவணங்களில் புதுக் கணவரை "மாற்றாந்தந்தை" என்றே குறிக்க வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது ஏறத்தாழ கொடூரம், பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பார்க்காத உத்தரவு என்று உச்ச நீதிமன்றம் கண்டித்து, பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்பதைத் தாயே முடிவு செய்வாள் என்றது. தீர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட அலுவலக மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எல்லோர் முன்னாலும் "சொந்த அப்பாவா?" என்று உரக்கக் கேட்கும் குரல் இன்றும் கேட்கிறது.

தமிழ்நாடு அரசு 1975 முதல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண உதவித் திட்டம் நடத்துகிறது. நல்ல திட்டம், பெருமைப்பட வேண்டியது. மணப்பெண்ணுக்குத் தங்கமும் பணமும் கிடைக்கின்றன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட வரும் பிள்ளையையும் அந்தத் திட்டம் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பெயரில் ஒரு வைப்புநிதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சில ஆண்டுகள் வீட்டுக்கு வந்து விசாரித்துப்போக ஓர் ஆள். மாற்றாந்தகப்பனைக் கண்டு அஞ்சுபவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். அஞ்சுகிறோம் என்று சொல்லித் தாயை முடக்குவதால் எந்தப் பிள்ளைக்கும் காவல் கிடைப்பதில்லை. பெற்ற தகப்பன் வீட்டுக்கும் அதே விசாரிப்பு போக வேண்டும் என்பேன்.

நாடாளுமன்றம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விளக்கத்தைத் திருத்த வேண்டும். பெற்றவர் உரிமையைப் பறிக்காமல் வளர்ப்பவருக்கும் பொறுப்புத் தரும் ஒரு பிரிவு போதும். அது வரும்வரை செய்யக்கூடியவை உறவினர் கையில் இருக்கின்றன. மறுமணப் பேச்சு நடக்கும் வீட்டில் தட்டு மாற்றுவதற்கு முன்பே, முதல் தாரத்துப் பிள்ளைக்கு உரிய நிலத்தையும் நகையையும் அதன் பெயரில் எழுதிப் பதிவு செய்யுங்கள். தேசவழமை சொல்லிக்கொடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது. இறந்தவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்காதீர்கள். வந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "சித்தி நல்லாப் பார்த்துக்கறாளா?" என்று துருவிக் கேட்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெற்ற தாயிடம் வளரும் பிள்ளையை யாரும் அப்படிக் கேட்பதில்லை.